அதிவேக ரயில் பிறகு வரட்டும், முதலில் மட்டக்களப்புப் பாதையைப் புதுப்பித்துத் தாருங்கள்

மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கும் புகையிரதப் பொது முகாமையாளர் அவர்களுக்கும்,

வணக்கம். 2025 பெப்ரவரி 20 விடியுமுன் ஹபரணைப் பக்கம், கொழும்பு–மட்டக்களப்புக் கடுகதி ரயிலான மீனகயா யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆறு யானைகள் செத்தன. பயணிகள் தப்பியது யார் செய்த புண்ணியமோ.

அந்தக் காட்டில் இரவில் மெதுவாகப் போகச் சொல்வதை நாங்கள் எதிர்க்கவில்லை. வேகம் இரட்டித்தால் நிறுத்தும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். வளைவிலோ எஞ்சின் விளக்கு தண்டவாளத்தோடு திரும்பாது, நேரே பற்றைக்குள்தான் அடிக்கும். சரி, பகலில் யானையில்லாத இடத்திலும் ஊர்வது ஏன்?

கணக்கைப் பாருங்கள். பழுதான அரைக் கிலோமீற்றருக்கு மணிக்கு 20 கி.மீ. என்று கட்டுப்பாடு போட்டால், கடைசிப் பெட்டி தாண்டும்வரை எஞ்சின் வேகமெடுக்க முடியாது. 80இலிருந்து 20க்கு இறங்கி, ஊர்ந்து, மறுபடி 80ஐப் பிடிக்கையில் மூன்று நிமிடம்வரை போய்விடுகிறது. இப்படிப் பத்து இடம் என்றால் அரை மணித்தியாலம். ஒற்றைப் பாதையாதலால் அந்தப் பிந்தல் எதிரே வரும் ரயிலையும் பிடித்துக்கொள்ளும். இது வந்து சேராமல் அதற்கு வழி கிடையாது. கொழும்புக் கோட்டைக்குச் சுமார் 350 கி.மீ. போக எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆவதன் இரகசியம் இதுதான்.

பழுது தொடங்குவது இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் மூட்டில். சில்லு ஒவ்வொன்றும் அங்கே இடித்துவிட்டுப் போகிறது. சல்லி நொறுங்கித் தூளாகிறது. மாரி மழையில் அந்தத் தூள் சேறாகி, தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டை ஏறி இறங்கும்போதெல்லாம் மேலே பீறிடுகிறது. போல்ட் தளர்கிறது, தண்டவாள முனை தாழ்கிறது. அந்தச் சேற்றின் மேலேயே புதுச் சல்லியைக் கொட்டினால் அடுத்த மாரிக்குத் தாங்காது. முதலில் தண்ணீர் வடியக் கான், மதகு. பிறகு பழைய சல்லியை அரித்தெடுத்து, கட்டைக்குக் கீழே 25 முதல் 30 செ.மீ. சுத்தமான கல். அதன்மேல் கொங்கிறீற் சிலிப்பர். கடைசியில்தான் மூட்டுகளை ஒட்டுவது. வரிசையை மாற்றி முதலில் ஒட்டினால், பொலன்னறுவை வெயிலில் நீள இடமில்லாத தண்டவாளம், இறுகப் பிடிக்கச் சல்லியும் இன்றிப் பக்கவாட்டில் நெளியும்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே: மாகோவிலிருந்து கல்லோயா வழியாக மட்டக்களப்பு வரை, மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாங்கும்படி பாதையைப் புதுப்பியுங்கள். நடக்காத காரியமல்ல. 2019இல் திறந்த மாத்தறை–பெலியத்த பாதை 120 கி.மீ. வேகத்துக்கே அமைந்தது. நிறுத்தங்களோடு சராசரி 70 கிடைத்தாலே நாங்கள் ஐந்து மணித்தியாலத்தில் கோட்டையில் இறங்குவோம்.

அம்பாறை மாவட்டக் கரையோரத்துக்கு இன்னும் தண்டவாளமே இல்லை. கல்முனை, அக்கரைப்பற்றுச் சனம் ரயிலேற மட்டக்களப்புக்கு பஸ்ஸில்தான் வரவேண்டும். தேர்தல் மேடைகளில் மட்டும் பொத்துவில் ரயில் தவறாமல் ஓடுகிறது. அது ஒருநாளும் பிந்தியதில்லை. இந்த நிலையில் அதிவேக ரயில் என்ற பேச்சைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா?

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள்க. பாதையைப் புதுப்பியுங்கள் என்றே மறுபடியும் கேட்கிறோம். வேலை தொடங்கும்வரை, எந்தத் தூரக் கட்டைக்கும் எந்தத் தூரக் கட்டைக்கும் இடையில், என்ன காரணத்துக்காக, எத்திகதி முதல் வேகக் கட்டுப்பாடு உள்ளது என்ற பட்டியலை மட்டக்களப்பு நிலையத்தில் தமிழில் ஒட்டிவைக்குமாறு பணிவோடு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட ரயில் பயணிகள் சிலர்