சின்னப் பள்ளிக்கு முதலில் ஆசிரியர் கொடுங்கள்

பணியிட நிர்ணயமும் மாறுதல் கலந்தாய்வும் நடத்தும் பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர், கமுதி, கடலாடி பக்கம் உள்ள சின்னச் சின்ன அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஒரு பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய் நான். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன்.

ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்பு, வகுப்புக்கு ஒரே பிரிவு. தலைமையாசிரியர் ஒருவர், தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர். எல்லாப் பணியிடமும் நிரம்பியிருந்தால் இவ்வளவுதான் எங்கள் பள்ளி. பரமக்குடியில் ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவர் மாறுதலில் போனால், மீதியிருக்கும் கணக்கு ஆசிரியர்கள் அவருடைய வகுப்புகளைப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்குச் சுமைதான், ஆனாலும் பாடம் நடக்கும். இங்கே கணக்கு ஆசிரியர் போனால் கணக்கே போய்விடுகிறது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் போய்விடுகிறது. உங்கள் காலிப்பணியிடப் பட்டியலில் அந்தப் பள்ளிக்கும் ‘ஒன்று’, இந்தப் பள்ளிக்கும் ‘ஒன்று’. நான் சொல்ல வந்ததே இதுதான்: இந்த இரண்டு ‘ஒன்றும்’ ஒன்றல்ல.

ஆசிரியர் இல்லாத பாடவேளையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. தமிழ் ஆசிரியர் வந்து உட்கார்ந்து அறிவியல் புத்தகத்தை உரக்கப் படிக்கச் சொல்வார். அவரால் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எல்லாம் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. அறிவியல் பட்டதாரிக்கே அதில் பாதிதான் சொந்தப் பாடம். பத்தாம் வகுப்பு என்றால் மட்டும் எல்லோரும் பதறி, பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் யாரையாவது அனுப்பி வைக்கிறீர்கள். அனுப்பிய பள்ளியில் அந்த நாட்களுக்கு அந்தப் பாடம் நின்றுபோகும். எட்டிலும் ஒன்பதிலும் விட்டுப்போன கணக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு இல்லை அல்லவா.

ஆனால் சேதம் நடப்பதே அங்கேதான். எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் பிடிபடாத பிள்ளை பத்தாம் வகுப்பில் நூல்களை மனப்பாடம் செய்து எப்படியோ தேறிவிடும். பதினொன்றாம் வகுப்பில் சேரப் போகும்போது, "கணக்கு குரூப் வேண்டாம்மா, பயமா இருக்கு" என்று சொல்லும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அடுத்த ஆண்டே அதைப் பொறியியலுக்கும் கொண்டுவந்தார்கள். உண்மையிலேயே பெரிய காரியம், எங்களுக்கு அதில் நன்றி உண்டு. ஆனால் அந்தக் கதவு வரைக்கும் போக அறிவியல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பலரும் பதினான்கு வயதிலேயே, ஆசிரியர் இல்லாத ஒரு ஆண்டில், அந்த வழியை விட்டு விலகிவிடுகிறார்கள். எந்தப் புள்ளிவிவரத்திலும் இது இடைநிற்றலாக வராது.

இங்கே இன்னொன்றும் உண்டு. இது மானாவாரி பூமி. குண்டு மிளகாய் பழுத்துப் பறிக்கும் காலமும் பொதுத்தேர்வுக் காலமும் தை, மாசி, பங்குனி என்று ஒன்றாகவே வரும். பறிப்புக்கு ஆள் கிடைக்காத வீட்டில் பிள்ளையும் காட்டுக்குப் போகும், குறிப்பாகப் பெண் பிள்ளை. அப்படிப் போன பிள்ளையை வீடு தேடிப் போய்க் கூட்டி வருவது அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லித் தெரிந்த ஆசிரியர்தான். ஆண்டுக்கு ஒருவர் மாறிக்கொண்டிருந்தால் அது நடக்காது.

மாறுதல் கேட்கும் ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேறு மாவட்டத்திலிருந்து முதல் பணியாக இங்கே வருகிறார்கள். வாடகைக்கு வீடு கிடையாது, காலையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. கலந்தாய்வில் ஊர்ப்பக்கம் இடம் கிடைத்தால் போகத்தான் செய்வார்கள். போகட்டும். ஆனால் பதிலுக்கு ஒருவர் வந்து சேர்ந்த பிறகு விடுவிக்கலாமே.

மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் போட்டுக்கொள்ளலாம் என்று 2022-இல் வழி செய்தீர்கள். அது உதவியதை மறுக்க மாட்டேன். ஆனால் இந்தப் பக்கம் பி.எஸ்.சி. கணக்கும் பி.எட்.டும் முடித்து, தொகுப்பூதியத்துக்கு, அதுவும் கோடை விடுமுறைக்கு முன் நின்றுபோகும் வேலைக்கு வர யார் இருக்கிறார்கள்? டவுனில் இருப்பவர் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்துவிடுகிறார்.

அப்புறம் நீங்கள் கேட்கிறீர்கள், ஏன் மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று. ஆகஸ்ட் 1 நிலவரப்படி எமிஸ் என்ற உங்கள் இணையப் பதிவேட்டில் தலைகளை எண்ணுகிறீர்கள். முந்தின ஆண்டு கணக்கு ஆசிரியர் இல்லாத வகுப்பிலிருந்து எத்தனை பேர் மெட்ரிக் பள்ளி வேனில் ஏறினார்கள் என்பது அதில் வராது. அப்படி ஏறிய பிள்ளைக்கு, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியின்போது கிடைக்கும் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இல்லாமல் போகும், 7.5 சதவீத ஒதுக்கீடும் இல்லாமல் போகும், எல்லாம் தெரிந்துதான் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள்.

நாங்கள் கேட்பது புதுக் கட்டடம் இல்லை, புதுப் பணியிடமும் இல்லை. பாடத்துக்கு ஒரே ஆசிரியர் உள்ள உயர்நிலைப் பள்ளிகளைத் தனிப் பட்டியலாக எடுங்கள். கலந்தாய்விலும் புது நியமனத்திலும் அந்தப் பட்டியலில் உள்ள காலியிடங்களை முதலில் நிரப்பிவிட்டு அப்புறம் மற்றவற்றைத் திறந்துவிடுங்கள். பதிலி வராமல் அங்கிருந்து யாரையும் விடுவிக்காதீர்கள், மாற்றுப்பணிக்கும் அங்கிருந்து எடுக்காதீர்கள். இப்படிப்பட்ட இடத்தில் மூன்று நான்கு ஆண்டு நின்றவருக்கு அடுத்த மாறுதலில் முன்னுரிமை கொடுங்கள், அது நியாயமும்கூட.

அடுத்த பொது மாறுதல் நெறிமுறைகளை வெளியிடும்போது இது எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் குழுக் கூட்டத்தில் இதையே தீர்மானமாகப் போட்டு அனுப்பவும் பேசி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து ஒரு தாய்