திரையில் ஓடும் கோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நர்ஸ் வேலையில் இதய வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், மானிட்டர் கத்தினாலே வயிற்றைக் கலக்குகிறது என்றாய். நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை இது. அதனால்தான் கடிதம்.

வயிற்றைக் கலக்கட்டும், பரவாயில்லை. நான் நர்ஸாக இருந்த முதல் ஆறு மாதம் எனக்கும் கலக்கியது. ஒருநாள் விடியும் நேரம், நான்காம் படுக்கைக்காரரின் திரையில் அகல அகலமாகப் பெரிய அலைகள். வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, கீழறை தறிகெட்டு ஓடும் ஆபத்தான துடிப்பு என்று நானே முடிவுகட்டி, ஷாக் கொடுக்கும் மெஷின் வண்டியைத் தடதடவென்று தள்ளிக்கொண்டு ஓடினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கை ஆடிய ஆட்டம்தான் திரையில் அலையாக வந்திருக்கிறது. அடுத்த ஒரு வாரம் யார் பல் தேய்த்தாலும் "பிரதரைக் கூப்பிடட்டுமா?" என்று வார்டே கேலி செய்தது.

அந்தக் கதையை உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதற்கு நேர் எதிரான ஒன்றை இதுவரை சொன்னதில்லை.

பெரிய மாரடைப்பு வந்து மூன்றாவது நாளில் இருந்தவர். இரவு ட்யூட்டி. "பிரதர், ஒரு மாதிரியா இருக்கு" என்றார். திரும்பித் திரையைப் பார்த்தேன். ஒழுங்கான கோடு, எழுபத்துச் சொச்சம் துடிப்பு, பாடப்புத்தகத்தில் போடலாம் போல. "எல்லாம் நல்லா இருக்குங்க" என்று சொல்லிக்கொண்டே முகத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறம், கண் மேலே செருகியிருந்தது. நான் மறுபடியும் திரையைப் பார்த்தேன். கோடு ஓடிக்கொண்டே இருந்தது. அரை நிமிடம் இருக்கும், அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து வந்த மூத்த சிஸ்டர் ஒன்றும் பேசாமல் கழுத்தில் இரண்டு விரலை வைத்தார், கட்டிலில் ஏறி நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட்டார். நாடியே இல்லை. செத்துப்போயிருந்த தசை கிழிந்து, இதயத்தைச் சுற்றியிருக்கும் பைக்குள் ரத்தம் நிறைந்திருக்கிறது. காப்பாற்ற முடியவில்லை. முன்னாலேயே பார்த்திருந்தாலும் முடிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். அந்த அரை நிமிடம் மட்டும் என் கணக்கில்தான் இருக்கிறது.

நீ பரீட்சைக்குப் படித்ததுதான், இருந்தாலும் என் பாணியில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் முடிச்சிலிருந்து உத்தரவு கிளம்புகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் ஏவி முடிச்சில் பத்தில் ஒரு பங்கு விநாடி அளவுக்கு நிற்கிறது. மேலறை பிழிந்து முடிக்க வேண்டுமே. அப்புறம் கீழறைகளுக்கு இறங்குகிறது. ஈசிஜியில் நாம் பார்ப்பது இந்த உத்தரவு போகும் பாதையை. ஈசிஜியை உருவாக்கிய ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த கோடு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உத்தரவு போனதுதான் அதில் தெரியும். தசை பிழிந்ததா, ரத்தம் வெளியே போனதா என்பது விரல் நுனியில்தான் தெரியும். அலாரம் அடித்தால் முதலில் ஆளைப் பார், நாடியைத் தொடு, பிறகு திரைக்குப் போ. கோடு தட்டையாகிவிட்டது என்று அலறினால் பாதி நேரம் ஒட்டிய பட்டை கழன்றிருக்கும்.

அதே மாதிரி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறை பிழியாமல் நடுங்கிக்கொண்டிருக்கும், கீழறை தாறுமாறாகத் துடிக்கும். சில துடிப்புகளுக்குள் அறை நிறையவே நேரமிருக்காது, அந்தத் துடிப்பு மணிக்கட்டு வரை வராது. அதனால் இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும்: ஒருவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, இன்னொருவர் மணிக்கட்டில், ஒரே கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிற சோம்பேறித்தனம் இங்கே செல்லாது. நெஞ்சில் 110, கையில் 88 என்றால் 22 துடிப்பு வீண். இப்போது இப்படி எண்ணுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், மெஷின் இருக்கிறதே என்கிறார்கள். துடிப்பைக் குறைக்கும் டிஜாக்சின் மாத்திரை கொடுக்கிறவர்களுக்காவது நெஞ்சில் எண்ணிவிட்டுக் கொடு. அறுபதுக்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைக் கேள். சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று அந்த நோயாளி சொன்னால் வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடாதே. மருந்து மிஞ்சியிருக்கலாம். பொட்டாசியம் குறைந்திருந்தால் சரியான அளவு மருந்தே மிஞ்சிப்போகும்.

பொட்டாசியம் என்றதும் ஞாபகம் வருகிறது. அதை ஊசியில் எடுத்து நேராக நரம்பில் ஏற்றக்கூடாது என்பது உனக்குத் தெரியும். ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்திலும் தெரிந்திருக்க வேண்டும். கலந்து, பம்பில் போட்டு, மெதுவாக. பக்கத்திலிருப்பவரைக் கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொல். யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் நினைக்கட்டும்.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பாடம் ஒன்று உண்டு. உடம்பின் மற்ற இடங்களுக்கெல்லாம் இதயம் சுருங்கும்போது ரத்தம் போகிறது. இதயத்தின் இடது சுவருக்கு மட்டும் பெரும்பாலும் அது தளரும்போதுதான் போகிறது. சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, உட்கார்ந்தால்தான் அதற்குச் சாப்பாடு. துடிப்பு கூடக்கூட அந்த உட்காரும் நேரம்தான் குறையும். 140இல் ஓடும் இதயம் அதிகம் உழைத்துக் குறைவாகச் சாப்பிடுகிறது. இது மனதில் பதிந்துவிட்டால் பல வேலைகள் தானாக வரும். வலியைத் தாங்கிக்கொள்ளச் சொல்ல மாட்டாய். நிறைந்த மூத்திரப்பை, பயம், கதவருகில் உறவுக்காரர்களின் சண்டை எல்லாமே துடிப்பைக் கூட்டும் என்று புரியும். "பயப்படாதீங்க" என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போவதைவிட, நாற்காலியை இழுத்துப்போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் திரையில் எண் இறங்குவதை நீயே பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையவிடாமல் படுக்கவைத்தார்கள். ஊட்டிவிடுவதும் படுக்கையிலேயே, மலம் கழிப்பதும் படுக்கையிலேயே. 1952இல் லெவைன், லவுன் என்ற இரண்டு டாக்டர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தோம், கெடுதல் ஒன்றும் இல்லை என்று எழுதிய பிறகுதான் அந்தக் கொடுமை மெல்லக் குறைந்தது. பெட்பேனில் முக்குவதைவிடப் பக்கத்தில் வைத்த கமோடில் உட்காருவது இதயத்துக்கு லேசு. மலச்சிக்கலை அற்பமாக நினைக்காதே. காலையில் கேட்கவேண்டிய கேள்விகளில் அதுவும் ஒன்று.

இதயம் பலவீனமானவர்களிடம் நீ முதலில் பார்க்கவேண்டியது எடை. தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், அதே தராசில். ஒரு லிட்டர் நீர் தேங்கினால் ஒரு கிலோ ஏறும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் அது சாப்பாட்டால் வந்த சதையாக இருக்காது. வீட்டுக்குப் போகும்போதும் இதைத்தான் எழுதிக்கொடு. "மூச்சு வாங்குதா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்று கேள், உண்மை வந்துவிடும். முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலை ஐந்து விநாடி அழுத்திவிட்டு எடு. குழி நிற்கிறதா என்று பார். படுத்தே இருப்பவருக்குக் காலைப் பார்த்து ஏமாறாதே. நீர் இடுப்புக்குப் பின்னால் இறங்கியிருக்கும்.

தொடை வழியாக ஆஞ்சியோ செய்துவிட்டு வந்தவரின் போர்வையை விலக்கிப் பார்க்கக் கூச்சப்படாதே. துளை போட்ட இடம் வீங்குகிறதா, பாதம் சூடாக இருக்கிறதா, பாதத்தில் நாடி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு. முதுகு வலிக்கிறது என்றால் படுத்தே இருப்பதால் என்று நீயே காரணம் சொல்லாதே. ரத்தம் உள்ளே, வயிற்றுக்குப் பின்னால் கசிந்துகொண்டிருக்கலாம். ரத்த அழுத்தம் இறங்கி மானிட்டர் சொல்வதற்குள் நிறையப் போயிருக்கும்.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை வைப்பதற்கு முன் அழுத்தம் பார்ப்பாய், உட்காரவைப்பாய், அது சரி. ஆண்களிடம் சில்டெனாஃபில் (வயாக்ரா) மாதிரி மாத்திரை போட்டீர்களா என்று கேட்கவும் வேண்டும். போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து அழுத்தத்தைத் தரைமட்டமாக்கிவிடும். மனைவி, மக்கள் முன்னால் கேட்டால் எவரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார். அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேள்.

மாரடைப்பு வந்தால் பெண்களும் சர்க்கரைக்காரர்களும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும் என்று எதிர்பார்க்காதே. அசதி, தாடை வலி, குமட்டல், மூச்சுத் திணறல், சில சமயம் அவ்வளவுதான் இருக்கும். பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து டாக்டர் கையில் கொடு. தேவையில்லாமல் எடுத்தோமே என்று நான் ஒருநாளும் வருந்தியதில்லை. இன்னொன்று: "நான் போயிடுவேன்னு தோணுது" என்று நோயாளி சொன்னால், அதை ஓர் அறிகுறியாக எழுதிவை.

நெஞ்சை அழுத்துவது பற்றி நீ என்னைவிட நன்றாகப் படித்திருப்பாய். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஐந்து செ.மீ. ஆழம், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கும், கையை எடுத்துவிடாதே. இரண்டு நிமிடத்தில் ஆள் மாற்று. வீரம் காட்டி ஐந்து நிமிடம் அழுத்துகிறவரின் கடைசி மூன்று நிமிடம் பெயருக்குத்தான். 1960களின் தொடக்கத்தில் இதய தீவிரக் கவனிப்புப் பிரிவுகள் வந்தபோது, ஃபிலடெல்ஃபியாவில் மெல்ட்சர் என்ற டாக்டரும் ரோஸ் பின்னியோ என்ற நர்ஸும் சேர்ந்து நர்ஸ்களுக்கு ஈசிஜி படிக்கவும் ஷாக் கொடுக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். டாக்டர் வந்து சேரும்வரை மூளை காத்திருக்காது, கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது நர்ஸ்தானே.

கடைசியாக ஒரு வீட்டுச் செய்தி. அம்மா உன்னிடம் சொல்லவேண்டாம் என்றாள், நான் சொல்லிவிடுகிறேன். போன மாதம் சட்டை பட்டனைப் போடும்போது கை தற்செயலாக மணிக்கட்டில் பட்டது. ஒழுங்கில்லை. இன்னொருமுறை பார்த்தேன், ஒழுங்கே இல்லை. ஈசிஜி எடுத்தாயிற்று, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடங்கிவிட்டார்கள், நான் நன்றாகத்தான் இருக்கிறேன், அலறிக்கொண்டு போன் செய்யாதே. அடுத்த லீவுக்கு வரும்போது ஸ்டெதாஸ்கோப்பைக் கொண்டுவா. மணிக்கட்டில் எண்ண அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். நீ நெஞ்சில் வை. வித்தியாசம் எத்தனை வருகிறது என்று பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா