கால்பந்து ரசிகர் மன்றம்: செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான அலுவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு முறைப்படி கூடியது. பிள்ளைகளுக்கான ஞாயிறு பயிற்சி, மழை பெய்த நாள்களைத் தவிர, நடந்தது. சந்தா பாக்கி இந்த ஆண்டும் உண்டு. யார் யார் என்பது பொருளாளருக்குத் தெரியும். வரவு செலவையும் அவரே வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் கூட்டங்களில் அதிக நேரம் பிடித்தது, தென்கிழக்காசிய நாடுகளின் கிளப் அணிகள் மோதும் ஆசியான் கிளப் போட்டி. 2003இல் ஜகார்த்தாவில் இது முதன்முதலாக நடந்தபோது கிண்ணத்தைக் கொண்டுபோனது, அழைப்பின்பேரில் விளையாட வந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். 2005இல் புருணையில் நடந்த இறுதியாட்டத்தில் நம் சிங்கப்பூரின் தெம்பனிஸ் ரோவர்ஸ், மலேசியாவின் பாகாங்கை 4-2 என வென்றது. 1994 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் 4-0 என்று தோற்றதும் இதே பாகாங்தான். மூத்த உறுப்பினர் ஒருவர் இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிவருகிறார். இப்போது அறிக்கையிலேயே ஏறிவிட்டதால், அடுத்த ஆண்டு அவர் வேறு கதை கொண்டுவரலாம்.

2005க்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்தப் போட்டி நடக்கவே இல்லை. 2024இல் மீண்டும் தொடங்கியது; ஆகஸ்டில் 12 அணிகளுடன் பிரிவுச் சுற்று ஆரம்பமானது. நம் சிங்கப்பூர் அணியான லயன் சிட்டி செய்லர்ஸ் இருந்த பிரிவில் தாய்லாந்தின் புரிராம் யுனைடெட், வியட்நாமின் கொங் ஆன் ஹனோய், இந்தோனீசியாவின் போர்னியோ, பிலிப்பீன்ஸின் காயா, அப்புறம் மலேசியாவின் கோலாலம்பூர் சிட்டி. பிரிவுக்கு இரண்டு அணிகளே அரையிறுதிக்குப் போக முடியும். நம் அணியும் போகவில்லை, கோலாலம்பூரும் போகவில்லை.

தோற்றது போகட்டும். உறுப்பினர்களின் குறையெல்லாம் ஆட்டமுறையைப் பற்றியது. பிரிவுச் சுற்றில் இரண்டு அணிகள் ஒரே ஒரு முறைதான் மோதும். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில் இருக்கும் அணியோடு ஓர் ஆட்டத்தோடு கணக்கு முடிந்தால் அது என்ன அண்டை நாட்டுப் போட்டி? அவர்கள் இங்கே வர வேண்டும், நாம் அங்கே போக வேண்டும். முதல் ஆட்டத்தில் வாங்கிய கேலியைப் பதில் ஆட்டத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரின் லயன்ஸ் XII அணி 2012 முதல் 2015 வரை மலேசிய லீக்கில் ஆடியபோது அது கிடைத்தது. 2013இல் லீக் பட்டமும் 2015இல் எஃப்ஏ கிண்ணமும் வந்ததை நம்மில் பலர் நேரில் பார்த்தவர்கள்.

இன்னொன்று, கால இடைவெளி. ஐந்தே பிரிவு ஆட்டங்கள் ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை இழுத்தன. செப்டம்பருக்குப் பிறகு ஜனவரியில்தான் அடுத்த ஆட்டம். அதற்குள் புள்ளிப் பட்டியல் யாருக்கும் நினைவில் இல்லை.

மே மாதம் வேறு மாதிரி. 18ஆம் தேதி இங்கே பீஷானில், ஆசிய கிளப் அணிகளுக்கான ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் 2 இறுதியாட்டம், செய்லர்ஸுக்கு எதிரே ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஷார்ஜா. கூடுதல் நிமிடங்களில் நம் லெஸ்டியென் கோல் போட்டுச் சமன் செய்தபோது எழுந்த சத்தம் அடங்குவதற்குள் ஷார்ஜா இன்னொன்று போட்டு 2-1 என முடித்துவிட்டது. அந்தச் சோர்வில், மூன்று நாள் கழித்து நடந்த ஆசியான் இறுதியின் இரண்டாம் ஆட்டத்தைப் பார்க்க மன்ற அறைக்கு வந்தவர்கள் மிகச் சிலர். வராதவர்களுக்குத்தான் நஷ்டம். புரிராமும் கொங் ஆன் ஹனோயும் மோதிய இரண்டு ஆட்ட இறுதியில் ஹனோயில் 2-2, புரிராமில் கூடுதல் நேரத்துக்குப் பின் 3-3, பிறகு பெனால்டியில் 3-2 எனப் புரிராமுக்குக் கிண்ணம். அந்தப் பருவத்தில் நான் பார்த்த ஆட்டங்களில் இதற்கு இணை இல்லை.

செயற்குழுவின் பரிந்துரைகள் இரண்டு. பிரிவுச் சுற்றிலும் உள்ளூர், வெளியூர் என இரண்டு ஆட்டங்கள் வேண்டும் என்று கால்பந்துச் சங்கத்துக்குக் கடிதம் எழுதுவது. மலேசிய அணியோடு அங்கே ஆட்டம் அமைந்தால் பேருந்து ஏற்பாடு செய்வது. ஆட்டம் பெரும்பாலும் வார நாளில்தான் இருக்கும் என்பதால், வர விரும்புகிறவர்கள் விடுப்பையும் கடப்பிதழையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவும். சோதனைச் சாவடியில் ஒருவருக்காகப் பேருந்து நிற்காது.

இவ்வறிக்கையை ஏற்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்