இரண்டு கோடு வந்தால் ‘கடத்தி’ என்று எழுதிவிட வேண்டாம்

ஆசிரியருக்கு,

அரிவாள் செல் ரத்தசோகையைக் காகிதப் பட்டையில் கண்டறியும் முறை பற்றிய தங்கள் கட்டுரை மகிழ்ச்சி தந்தது. தில்லியின் சிஎஸ்ஐஆர்-ஐஜிஐபி மரபணு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘ஃபெலுடா’ என்ற இப்பட்டைச் சோதனையைக் கொரோனா சோதனையாகவே பலர் அறிவார்கள். அதற்கு முன்பே அங்கே இந்நோய்க்காகத்தான் அது சோதிக்கப்பட்டு வந்தது. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-லேயே பதிவான நோய் இது. தமிழர்களுக்கும் அக்கறை வேண்டும்.

பீட்டா குளோபின் மரபணுவில் ஜிஏஜி என்ற மூன்றெழுத்து ஜிடிஜி ஆகிவிடுவதே கோளாறு. அப்பகுதியைப் பெருக்கும்போதே டிஎன்ஏவில் பயோட்டின் என்ற சிறு மூலக்கூறை அடையாளமாகச் சேர்க்கிறார்கள். சாயம் இணைத்த வழிகாட்டி ஆர்என்ஏவைச் சுமக்கும் காஸ்9 புரதம், பொருந்தும் வரிசையை மட்டும் பற்றும். பட்டையில் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடிக்க, சாயத்தைப் பற்றும் தங்கத் துகள்கள் அங்கே சேர்ந்து கோடு தெரியும்.

பட்டையில் தனியாகத் தெரியும் கட்டுப்பாட்டுக் கோட்டை மட்டும் நம்பக்கூடாது. திரவம் ஓடியதைத்தான் அது காட்டும், டிஎன்ஏ பெருகியதை அல்ல. ரத்தம் அதிகமானால் அதன் நிறப்பொருளான ஹீம் பெருக்கத்தைத் தடுத்துவிடும்; பிறழ்வுக் கோடு வராமல், நோயுள்ள குழந்தைக்கு ‘நோயில்லை’ என்று எழுதிவிடுவார்கள். உலர்ரத்தத் தாளில் 3 மி.மீ. துண்டு ஒன்று, நன்றாகக் கழுவியது, போதும். மாதிரி ஒன்றுக்கு இயல்பு வரிசைக்கும் பிறழ்வுக்குமாக இரண்டு பட்டைகள் கட்டாயம். இரண்டிலுமே சோதனைக் கோடு இல்லையென்றால் சோதனை செல்லாது. பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும், பயோட்டின் ஒட்டிய சிறு டிஎன்ஏ துண்டு) மிகுந்தால் மிச்ச பயோட்டின் ஸ்ட்ரெப்டாவிடினை அடைத்துக் கோட்டை மங்கச் செய்யும். பெருக்கிய குழாயை மாதிரி தயாரிக்கும் அறையில் திறந்தால் அடுத்தடுத்த மாதிரிகளும் கெடும். பீட்டாவை ஒத்த டெல்டா குளோபின் மரபணுவும் அவ்விடத்தில் ஜிஏஜிதான். பிரைமர் அதையும் பெருக்கினால் நோயுள்ள குழந்தை வெறும் கடத்தியாக, அதாவது ஒரு பிறழ்ந்த மரபணுவும் ஓர் இயல்பான மரபணுவும் உள்ளவராகத் தெரியும்.

எங்களுக்குப் பெரிய கவலை வேறு. ஒரு பெற்றோரிடமிருந்து அரிவாள் செல் மரபணுவும், மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியாவும் (பீட்டா குளோபின் குறைவாக உருவாகும் கோளாறு) பெற்ற குழந்தைக்கு, நோயிருந்தும், கடத்தியைப் போலவே இரண்டு பட்டைகளிலும் கோடு வரும். தலசீமியாவின் பிழை பெரும்பாலும் வேறிடத்தில் இருப்பதால் பட்டை அதைப் பார்ப்பதில்லை. பஞ்சாபி, சிந்திக் குடும்பங்களில் தலசீமியா மிகுந்த இந்நகரில் இது ஏட்டுச் சந்தேகம் அல்ல. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி சோதனையில் கடத்திக்கு இயல்பான ஹீமோகுளோபின்தான் மிகுந்திருக்கும். இக்குழந்தைக்கோ அரிவாள் ஹீமோகுளோபின் மிகும்.

ரத்தத்தைக் கரைசலில் கலந்து பார்க்கும் கரைதிறன் சோதனை தவறவிடும் பச்சிளம் குழந்தையிடமும் பட்டை பிழையைக் காட்டும் என்பதால் அதை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் 2023-இல் தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்புத் தேசிய இயக்கத்தின் அட்டையில், இரண்டு பட்டையிலும் கோடு வந்தவருக்கு ஹெச்பிஎல்சி முடிவு வரும்வரை ‘உறுதிசெய்ய வேண்டும்’ என்றே எழுத வேண்டும். கைக்குழந்தையானால் ஒரு வயதுக்குப் பின் ஹெச்பிஎல்சியை மறுபடி செய்ய வேண்டும்.

மரபணு ஆய்வகப் பணியாளர்கள்,
ராமகிருஷ்ணாபுரம், புது தில்லி