பெரியப்பாவுக்கு: கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்

அன்புள்ள பெரியப்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. கொஞ்ச நாளைக்குப் படிக்கக் கூடாது என்று சொன்னதும் நீங்கள் சோர்ந்துபோய்விட்டதாகப் பெரியம்மா போனில் சொன்னார். அதனால் ஒரு பென் டிரைவ் அனுப்பியிருக்கிறேன். அதில் நீங்கள் பல தடவை படித்த நாவல்தான் இருக்கிறது, பாட்டாக. விக்டர் ஹியூகோவின் ‘லே மிசராப்ள’ 1985இல் லண்டனில் ஆங்கில இசை நாடகமாக மேடை ஏறியபோது, அதில் நடித்தவர்களே பாடிப் பதிவு செய்த ஒலித்தட்டு அது.

எனக்கு இந்தக் கதையைத் தந்ததே நீங்கள்தான். இந்த நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த ‘ஏழைபடும் பாடு’ புத்தகத்தை எட்டாம் வகுப்பு லீவில் என் கையில் கொடுத்தீர்கள். அந்தக் கதையை வைத்து 1950இல் வந்த படத்தில் நாகையாவைத் துரத்தும் போலீஸ்காரராக நடித்ததால்தான் சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்ற அடைமொழி கடைசிவரை நிலைத்தது என்றும் சொன்னீர்கள். ஒரு பிரெஞ்சு நாவலின் போலீஸ்காரர் பெயர் நம் ஊர்க்காரர் ஒருவருக்கு முன்பெயரானதை நான் அன்றிலிருந்து மறக்கவில்லை.

மேடையைப் பார்க்காமல் நாடகத்தை வெறுமனே கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். இந்த நாடகம் முதலில் வந்ததே ஒலித்தட்டாகத்தான், பெரியப்பா. ஆலன் பூப்ளில் வரிகள் எழுத, குளோட் மிஷேல் ஷோன்பெர்க் இசையமைத்த பிரெஞ்சு இசைத்தட்டு 1980இல் வந்தது. அதற்குப் பிறகுதான் பாரிஸில் மேடை. அந்தத் தட்டைக் கேட்டுத்தான் லண்டன் தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டாஷ் இதை எடுத்துச் செய்ய முன்வந்தார். ஹெர்பர்ட் கிரெட்ஸ்மர் என்ற பத்திரிகையாளர் ஆங்கில வரிகளை எழுதினார். 1985 அக்டோபர் 8ஆம் தேதி பார்பிகன் அரங்கில் தொடங்கியபோது விமர்சகர்களில் பலர் கடுமையாகத் திட்டினார்கள். ஜனங்கள் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்கள். லண்டனில் இன்னும் நடக்கிறது. ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டே முழுப் படத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்த உங்களுக்கு இதைக் கேட்பது புது வேலை இல்லை.

ஆங்கிலப் பாட்டில் வார்த்தை பிடிபடாது என்பீர்கள். வேண்டாம், மெட்டைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒருவர் வாயில் கேட்ட மெட்டு இன்னொருவர் வாயில் திரும்பி வருவதில்தான் இந்தப் பதிவின் உயிர் இருக்கிறது. சிறையிலிருந்து வெளியே வந்து, தனக்கு இடம் கொடுத்த பிஷப்பின் வெள்ளிச் சாமான்களையே திருடிக்கொண்டு போன வால்ஜீனைப் போலீஸ்காரர்கள் பிடித்து வருகிறார்கள். பிஷப்போ, மெழுகுவத்தித் தண்டுகளையும் கொடுத்தேனே, ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று கேட்கிறார். நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டிய இடம் அது. இங்கே அது மிக அமைதியான ஒரு மெட்டில் வருகிறது. நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதியில், பாரிஸ் தெருக் கலகத்தில் தடுப்பரணில் தோழர்கள் எல்லோரும் செத்துப்போன பிறகு, காலி நாற்காலிகளின் நடுவில் தனியாக நின்று மாரியுஸ் என்ற இளைஞன் பாடுவதும் அதே மெட்டுதான். கொடுப்பவரின் ராகம் எல்லாம் இழந்தவனிடம் வந்து சேர்கிறது. நான் இதைக் கண்டுபிடிக்க எத்தனையோ தடவை கேட்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்த அன்று அந்தப் பாட்டை முழுசாகக் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

வால்ஜீன், ஜாவர் விஷயத்தில் இது இன்னும் ஆழமாகப் போகிறது. பிஷப் விட்டுப் போனதும் வால்ஜீன் தனக்குள் போராடி, பழைய ஆளைத் துறந்து புது மனிதனாகக் கிளம்பும் பாட்டு ஒன்று. கடைசியில் ஜாவர், தன்னை உயிரோடு விட்ட வால்ஜீனைக் கைது செய்யவும் முடியாமல், விடவும் முடியாமல், சேன் நதியில் குதிப்பதற்கு முன்னால் பாடும் பாட்டு இன்னொன்று. இரண்டும் ஒரே இசை. கருணை ஒருவனுக்கு வழி திறக்கிறது, இன்னொருவனுக்குத் தாங்க முடியாததாகிறது. ஹியூகோ பக்கம் பக்கமாக எழுதியதை ஒரு மெட்டை இரண்டு தடவை பாடவைத்தே சொல்லிவிட்டார்கள். ஜாவராகப் பாடும் ரோஜர் ஆலம் கத்துவதே இல்லை. நிதானமான, நடுங்காத குரல். சட்டத்தை மனப்பூர்வமாக நம்பும் ஆளாகவே கேட்கிறார், வில்லனாக இல்லை. உங்களுக்குப் பிடிக்கும்.

வால்ஜீனாகப் பாடுபவர் அயர்லாந்துக்காரர் கோம் வில்கின்சன். ‘பிரிங் ஹிம் ஹோம்’ அவர் குரலுக்காகவே எழுதப்பட்டது. முதல் பிரெஞ்சுத் தட்டில் அந்தப் பாட்டே கிடையாது. தூங்கும் மாரியுஸின் பக்கத்தில் இருந்துகொண்டு, இவன் பிழைக்கட்டும், வேண்டுமானால் நான் போகிறேன் என்று கடவுளிடம் கேட்கிறார். உச்ச ஸ்தாயியில் மெலிந்துபோகும் அந்தக் குரல் எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டையை அடைக்கும். ஆனால் நாவலைத் தெரிந்த நீங்கள் இங்கே சண்டைக்கு வருவீர்கள். வரவும் வேண்டும். நாவலில் வால்ஜீனுக்கு மாரியுஸ் மேல் வெறுப்புதான், தான் மகளாக வளர்த்த கோசெத்தைத் தன்னிடமிருந்து பறிக்க வந்தவன் என்று. சாக்கடைக்குள் அவனைச் சுமந்து போகும்போதுகூட அது தீரவில்லை. வெறுத்துக்கொண்டே காப்பாற்றுகிறார் என்பதுதான் ஹியூகோவின் பெருமை. பாட்டு அதை மென்மையாக்கிவிட்டது. பாட்டை நேசிக்கிறேன், ஆனால் இந்த இடத்தில் நாவல்தான் பெரியது.

விடுதி நடத்தும் தெனார்டியே தம்பதி விஷயத்திலும் எனக்கு வருத்தம் உண்டு. தெனார்டியேயாக அலன் ஆம்ஸ்ட்ராங் அருமையாகப் பாடுகிறார், சிரிப்பு வரும். ஆனால் குட்டிக் கோசெத்தைப் பட்டினி போட்டு வேலை வாங்கியவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் முழுதாக ஒப்பவில்லை. வாட்டர்லூ போர்ப் பகுதி மொத்தமும் இல்லை, அதை நீங்களும் வேகமாகத் தாண்டித்தான் படித்திருப்பீர்கள்.

தெனார்டியேயின் மகள், மாரியுஸை ஒருதலையாகக் காதலிக்கும் எப்போனினைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஹியூகோ அவளுக்குக் கொடுத்தது கரகரத்த, அடிபட்ட குரல். ஃபிரான்சஸ் ரஃபலின் குரலில் அந்தச் சிராய்ப்பு இருக்கிறது. அழகாகப் பாட முயலாமல் பாடுகிறார். அவருடைய ‘ஆன் மை ஓன்’ மெட்டு பிரெஞ்சுத் தட்டில் கோசெத்தின் தாய் ஃபாந்தினுடையதாக இருந்தது. லண்டன் பதிவிலும் ஃபாந்தின் சாகும்போது அதே மெட்டில்தான் குழந்தையைக் கூப்பிடுகிறாள். பாட்டி லுபோன் என்ற நடிகை ஃபாந்தினாக அதைப் பாடுவதைக் கேளுங்கள். அன்பு கிடைக்காமல் செத்த இரண்டு பெண்களுக்கும் ஒரே ராகம். வால்ஜீனின் மரணத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து அந்த ராகத்தோடுதான் அவரை அழைத்துப்போக வருகிறார்கள்.

நாடகத்தின் எல்லா இசையும் இந்தப் பதிவில் இல்லை. 1988இல் பதிவாகி, மூன்று தட்டுகளாக வந்த முழுப் பதிவு தனியாக உண்டு. இருந்தாலும் முதலில் இதையே கேளுங்கள். நாடகம் இன்னும் இறுகிப்போகாத நேரத்துப் பதிவு இது. கோசெத் பாடும் ‘ஐ சா ஹிம் ஒன்ஸ்’ பிறகு வெட்டப்பட்டுவிட்டது, இதில் இருக்கிறது. சிந்தசைசர் ஒலி அந்தக் காலத்து வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘ஒன் டே மோர்’ முடிந்ததும் முதல் பாதி முடிகிறது. அதுவரை தனித்தனியாகக் கேட்ட பல மெட்டுகள் அதில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வரும். யார் யார் என்று மெட்டை வைத்தே உங்களால் சொல்ல முடியும். அங்கே நிறுத்தி, பெரியம்மா போடும் காபியைக் குடித்துவிட்டு, மருந்தையும் விட்டுக்கொண்டு, அப்புறம் தொடருங்கள். ஞாயிறு காலை கூப்பிடுகிறேன்.

அப்புறம் அந்த மெழுகுவத்தித் தண்டுகள். கடைசிக் காட்சியில் அவை எரிவது காதுக்குக் கேட்காது. நாவலில் எரிகின்றன என்று உங்களுக்குத் தெரியும். வால்ஜீனின் குரல் தளரும்போது அவர் பக்கத்தில் இரண்டையும் நீங்களே ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்