வழிப்பறியைத் திருட்டு என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூட்டிய வீட்டில் பீரோவை உடைத்த செய்தியும், நெடுஞ்சாலையில் கத்தியைக் காட்டிப் பறித்த செய்தியும் தங்கள் நாளிதழில் ‘நகை திருட்டு’ என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. சட்டத்தில் இவை வேறு வேறு குற்றங்கள் என்பதைக் கொலுசுப் பட்டறை நடத்தும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்க்கும் இளைஞர், இருட்டிய பிறகு கொண்டலாம்பட்டியைத் தாண்டி வண்டியில் வந்துகொண்டிருந்தபோது இருவர் வழிமறித்தனர். ஒருவன் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்ள, மற்றவன் வயிற்றுக்கு நேரே கத்தியை நீட்டியிருக்கிறான். கொலுசுப் பையைத் தோளிலிருந்து கழற்றிக் கொடுத்தவர் இவர்தான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. காவல் நிலையத்தில் “நீயேதானே எடுத்துக் கொடுத்தாய்?” என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றிருக்கிறார். ‘வெள்ளிப் பொருட்கள் திருடு போயின’ என்று எழுதிய மனுவில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 309ஆம் பிரிவைப் பிறகு ஒரு வழக்கறிஞர் எங்களுக்கு வரிவரியாக விளக்கினார். அப்போதே காயம் நேரும் என்று ஒருவரை அஞ்ச வைத்து, அந்த இடத்திலேயே அவர் கையாலேயே பொருளைக் கொடுக்கச் செய்வதும் வழிப்பறிதான். சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை என்றால், வழிப்பறிக்கு 10 ஆண்டு வரை கடுங்காவல். அதுவே நெடுஞ்சாலையில் பொழுது சாய்ந்து விடிவதற்குள் நடந்திருந்தால் 14 ஆண்டு வரை போகும். கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தியவனுக்கு 311ஆம் பிரிவின்படி 7 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை கிடையாது. அதற்குக் குத்தியிருக்க வேண்டியதில்லை, மிரட்டுவதற்குக் காட்டியிருந்தாலே போதும் என்று பழைய சட்டத்தின் காலத்திலேயே, 1975இல், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை; அதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு.

தண்டனை கூட வேண்டும் என்பதற்காக, வந்த இருவரை ஐவராக்கி எழுதுவதும் பெருந்தவறு. அது குறுக்கு விசாரணையில் நிற்காது. செய்யாத குற்றத்தை ஒருவர் தலையில் கட்டுவதும் ஆகும். எத்தனை மணி, எந்த இடம், எத்தனை பேர், யார் கையில் கத்தி, என்ன சொல்லி மிரட்டினார்கள் என்பதை நடந்தது நடந்தபடி சொன்னாலே போதும். எழுதியதைப் புகார் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அங்கும் பயனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம்.

இரவு பகலாகக் கொலுசுப் பைகள் வண்டியில் போய்வரும் ஊர் இது. தங்கள் நிருபர்கள் குற்றச் செய்திகளில் வழக்குப் பதிவான பிரிவையும் அதன் பொருளையும் ஒரு வரியில் சேர்த்து எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் இளைஞர் இன்றைக்கும், “நானே கொடுத்துட்டேனுங்களே அண்ணா” என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறை உரிமையாளர்,
சிவதாபுரம், சேலம்.