முயலுக்குத் தண்ணீர் வை, மச்சான்

வட்டக்கச்சி

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நெடுங்கேணியில் எல்லோரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். இங்கே சோளகக் காற்று விட்டபாடில்லை. முற்றத்துப் புழுதி முழுக்க வீட்டுக்குள்தான். சிறுபோக நெல்லுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வந்தது, வாய்க்கால் கடைசியில் இருக்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் இழுபறி. அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்திருக்கிறது. இப்போது கோயிலுக்கு நடந்தே போய் வருகிறா.

சரி, சின்னவளின் முயல்களுக்கு வருகிறேன். "முயலுக்குத் தண்ணி தேவையில்லை, புல்லில இருக்கிற ஈரமே போதும்" என்று ஊரில் சொல்கிறார்கள், வைக்கவா விடவா என்று கேட்டிருந்தாய். இன்றைக்கே வை. இந்தக் கதை இங்கேயும் உலவுகிறது. கேட்கிற போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும்.

காட்டு முயல் குளத்தடியில் நின்று குடிப்பதை யாரும் அதிகம் கண்டதில்லை, அதிலிருந்துதான் இந்தக் கதை வந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் பற்றைக்குள் ஓடுகிற காட்டு முயல் வேறு இனம், கூட்டில் வளர்க்கிற முயல் வேறு இனம். வளர்ப்பு முயலின் பூர்வீகம் ஐரோப்பா. அதோடு காட்டில் இருப்பது விடியப்புறம் பனி படிந்த புல்லைத் தேடித் தின்னும். கூட்டில் இருப்பதற்கு நாங்கள் போடுவதுதான் சாப்பாடு. மாரியில் பச்சை அறுகம்புல்லும் சாரணையும் நிறையப் போட்டால் அது தண்ணீர்ச் சட்டியை அவ்வளவாகத் தொடாது, உண்மைதான். அதையே பார்த்துவிட்டு ஆடி, ஆவணியிலும் காய்ந்த புல்லைப் போட்டுத் தண்ணீர் வைக்காமல் விட்டால் என்ன ஆகும்?

கணக்குச் சொல்கிறேன். முயலின் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லிலீற்றர். இரண்டு கிலோ முயல் என்றால் 100 முதல் 300 வரை. காய்ந்த புல்லும் கடைத் தீனியும் தின்கிறதென்றால் மேல் கணக்கைப் பிடி. குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய் இதையும் தாண்டிக் குடிக்கும். அதன் சட்டி ஒரு நேரமும் காயக் கூடாது.

தண்ணீர் குறைந்தால் முதலில் சாப்பாடுதான் குறையும். முயலின் குடல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் போதாமல் உள்ளே இருப்பது இறுகினால் குடல் மந்தமாகி, வாயு பிடித்து, முயல் மூலையில் குந்திவிடும். அதற்கு வாந்தி எடுக்கவும் வராது. ஆகவே காலையில் கூட்டுக்குக் கீழே கிடக்கும் புழுக்கையைப் பார்க்கச் சின்னவளைப் பழக்கு. உருண்டையாக, ஒரே அளவில், நிறையக் கிடந்தால் நல்லது. சின்னதாக, கல்லுப்போல, எண்ணிக்கை குறைந்து கிடந்தால் தண்ணீர் போதவில்லை என்று எடுத்துக்கொள். அரை நாளாக ஒன்றும் தின்னவில்லை என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதே, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போ.

எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேத்திலுக்குள் வெள்ளையாகக் கல்லுப் பிடிக்கிறதே, அந்தச் சுண்ணாம்புச் சத்து தீனியிலும் இருக்கிறது. மற்ற மிருகங்கள் தேவையான அளவைத்தான் உடம்பில் எடுக்கும். முயல் கிடைப்பதில் பெரும்பங்கை உள்ளே எடுத்து, மிச்சத்தை மூத்திரத்தோடு வெளியேற்றும். அதனால்தான் முயல் மூத்திரம் காய்ந்த இடம் வெள்ளையாகத் தெரியும். குடிப்பது குறைந்தால் அந்தச் சுண்ணாம்பு மூத்திரப் பையில் சேறாகப் படிந்து உபாதை கொடுக்கும். சவர்த்தண்ணி வைக்காதே. நீங்கள் குடிக்கிற நல்ல தண்ணீரையே அதற்கும் வை.

கூட்டில் தொங்கவிடுகிற ஊசிமுனைப் போத்தலை விட அகலமான மண்சட்டிதான் எனக்குப் பிடிக்கும். தலையைக் குனிந்து நக்கிக் குடிப்பதுதான் முயலின் இயல்பு, சட்டியில் கூடவும் குடிக்கும். பாரமான சட்டி கவிழாது, மண் என்பதால் தண்ணீரும் குளிர்ந்திருக்கும். போத்தல் முனையில் இருக்கிற சின்னக் குண்டு இறுகிவிட்டால் வெளியில் பார்க்க நிறைந்திருக்கும், முயலுக்கு ஒரு துளி வராது. முயல் பொழுதுபட்ட பிறகும் விடியப்புறமும்தான் அதிகம் குடிக்கும். அதனால் பின்னேரம் சட்டியைக் கழுவிப் புதிதாக நிரப்பிவிட்டுப் படுக்கச் சொல்.

எவ்வளவு குடிக்கிறது என்று அறிய ஒரு வழி இருக்கிறது. அளந்த தண்ணீரை இரண்டு ஒரே மாதிரிச் சட்டியில் ஊற்று. ஒன்று கூட்டுக்குள், மற்றது முயலுக்கு எட்டாமல் பக்கத்தில். அடுத்த நாள் இரண்டையும் அளந்தால், சோளகம் குடித்தது எவ்வளவு, முயல் குடித்தது எவ்வளவு என்று பிரித்துத் தெரியும். சின்னவளுக்கு இது நல்ல விளையாட்டு. வழக்கமாகக் குடிப்பது ஒரேயடியாகக் கூடினாலும் கவனி, அதுவும் வருத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

கூடு தகரத்துக்குக் கீழே என்று எழுதியிருந்தாய். மத்தியானத்தில் அது அடுப்புத்தான், மச்சான். சூடு 30 பாகை செல்சியசுக்கு மேல் போனாலே முயலுக்குக் கஷ்டம். அதற்கு எங்களைப்போல வேர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை விடும். வேப்பமர நிழலுக்கு மாற்று, மேலே கிடுகு போடு. மூச்சு இளைத்தால் காதை ஈரத்துணியால் துடை, உடம்பில் வாளித் தண்ணீர் ஊற்றாதே.

இரண்டு முயலையும் தராசில் நிறுத்து எடையை எழுதி அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அரிவு வெட்டு முடிய அந்தப் பக்கம் வருவேன், கிடுகு இங்கிருந்தே கொண்டு வருகிறேன், அங்கே வாங்காதே.

அன்புடன்,
உன் மச்சான்